ஆறாவது சேனலில் ஓர் இரைச்சல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்த சமயம். கோவைக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் அப்போது குடியிருந்த லைன் வீட்டில் நடந்தது இது. இதை எழுத உட்கார்ந்த பிறகுகூட ஒருமுறை எழுந்து போய் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சிரிக்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டு, அப்புறமும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

லைன் வீடு என்றால் தெரியுமல்லவா? நீளமாக ஒரே கட்டடம், அதில் ஐந்தாறு குடித்தனம். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். கரண்ட் மீட்டர்கள் எல்லாம் வெளியே வாசல் பக்கம் ஒரே பலகையில் வரிசையாக இருக்கும். எங்கள் உள் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அடுப்படி. அந்தச் சுவரின் உச்சியில், எந்தக் காலத்தில் எதற்கு விட்டார்களோ தெரியாது, ஒரு சின்ன வெண்டிலேட்டர் ஓட்டை இருந்தது. அவர்கள் தாளிக்கும் நெடி இங்கே வராமலும், எங்கள் சண்டை அங்கே போகாமலும் இருக்க, அதில் தெர்மாகோல் அட்டையை வெட்டி வைத்து டேப் ஒட்டியிருந்தோம்.

என் கணவர் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டும் டர்னர். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பார், பாடவும் செய்வார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டுவார். ஸ்டுடியோவுக்கு அலைய முடியாமல், "நம்மூட்லயே ரெக்கார்டிங் பண்ணிக்கலாம் புள்ள" என்று சொல்லி, அவிநாசியில் கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து பழைய ஆடியோ இன்டர்பேஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மைக்கில் வரும் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பெட்டி அது. முன்பக்கம் எட்டு ஓட்டை, எட்டு திருகு. வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. அதைப் புரிந்துகொண்டு மேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆனால் ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. முதல் மாதம் எட்டு சேனல் எதற்கு என்றே விளங்கவில்லை. எல்லோரும் ஒரே பாட்டைத்தானே பாடுகிறார்கள், ஒரு மைக் போதாதா என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஒரே மைக்கில் பிடித்தால் குழம்பு வைத்த மாதிரி. உப்பு கூடிவிட்டது என்று அப்புறம் உப்பை மட்டும் எடுக்க முடியாது. எட்டு சேனல் என்றால் ஒவ்வொரு சாமானும் தனித்தனிக் கிண்ணத்தில் இருக்கும். தபலா மட்டும் வேண்டுமா, மற்றதை அடைத்துவிட்டு அதை மட்டும் கேட்கலாம். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்கினார், எங்கே எச்சில் விழுங்கினார் என்பது வரைக்கும் காதுக்குள் வந்து விழும். அந்த ருசி கண்ட பிறகு நான் அந்தப் பெட்டியை யாரையும் தொடவிடுவதில்லை.

பக்கத்து வீட்டில் என்னைவிட வயதில் சின்ன ஒரு பெண் இருந்தாள். ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட். அவள் கணவர் லாரி ஓட்டப் போனால் வர ஒரு வாரம் ஆகும். பகல் முழுக்க அவள் தூங்கினால்தான் ராத்திரி வேலைக்குப் போக முடியும். எங்களுக்கோ பகலில்தான் ரெக்கார்டிங். கேட்கவா வேண்டும்? ஒருநாள் அவிழ்ந்த தலையோடு வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"ஏனுங்க்கா, ராத்திரி பூரா மிசினு சத்தத்துல நின்னுபோட்டு வர்றனுங்க. பகல்லயும் டொம்மு டொம்முன்னா மனுசி எப்பத்தானுங்க தூங்கறது?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் சும்மா இருப்பேனா? அவள் வீட்டு கேஸ் லைட்டர் பழசு. ஐந்தாறு முறை அமுக்கினால்தான் பிடிக்கும். அந்த டக் டக் சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் மைக்கில் விழும். "உங்கூட்டு லைட்டர் சத்தம் எங்க பாட்டுல உழுகுதே, நாங்க ஏதாச்சும் கேட்டமுங்களா?" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. தண்ணீர்க் குழாயில் பார்த்தாலும் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நான் சொல்ல வந்தது நடந்த அந்த விடுமுறை நாளில் காலையிலேயே ரெக்கார்டிங் ஆரம்பித்துவிட்டோம். என் கணவர், தபலா வாசிக்கும் அண்ணன் ஒருவர், நான். மூன்றே பேர். வழக்கம்போல ஜன்னல்களைச் சாத்தி, கதவில் போர்வை தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டேன். தபலாவுக்கு இரண்டு சேனல், கீபோர்டுக்கு இரண்டு, பாட்டுக்கு ஒன்று. அறையின் மொத்த நாதமும் வரட்டும் என்று உயரமான ஸ்டாண்டில் ஒரு மைக்கைச் சுவரோரம் நிறுத்தினேன். அதுதான் ஆறாவது சேனல். கூரை அவ்வளவு உயரம் இல்லாததால் அந்த மைக் கிட்டத்தட்ட வெண்டிலேட்டர் மட்டத்துக்கு வந்துவிட்டது.

நாலைந்து தடவை பாடி முடித்து, எது நன்றாக வந்திருக்கிறது என்று ஒவ்வொரு சேனலாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். தபலா சுத்தம். குரல் சுத்தம். ஆறாவதைத் திறந்தேன். பாட்டுக்குப் பின்னால் உஸ்ஸென்று ஓர் இரைச்சல். முதல் இரண்டு தடவை பாடியதில் அது இல்லை. மூன்றாவதில் பாதியில் தொடங்கி, அதன் பிறகு நிற்கவே இல்லை.

தபலா அண்ணனுக்குப் பசி வந்துவிட்டது. "உடு அம்மிணி, கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனத் தட்டுனா எரச்சலு போயிருமல்லோ?" என்றார்.

போய்விடும்தான். இரைச்சலைத் துடைத்து எடுக்கிற வசதி அதில் இருக்கிறது. என் கை மவுஸ் மேலேதான் இருந்தது. ஆனால் துடைத்தால் குரலின் ஈரமும் கொஞ்சம் போய்விடும். அதோடு, ஒரு இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதை விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. முதலில் ஒயரை மாற்றினேன், இரைச்சல் இருந்தது. ஆறாவது ஓட்டையிலிருந்து பிடுங்கி ஏழாவதில் சொருகினேன். ஏழாவதிலும் உஸ். சரி, பெட்டியில் கோளாறு இல்லை. ஒயர்களை அப்படியே விட்டுவிட்டு, பாடுகிற மைக்கையும் இதையும் மட்டும் கழற்றி இடம் மாற்றி வைத்தேன். இப்போது பாடுகிற மைக்கில் இரைச்சல் வந்தது, பழைய மைக் சுத்தமாகிவிட்டது. ஒயரில் இல்லை, பெட்டியில் இல்லை, மைக்கில் இல்லை. அப்படியானால் அந்தச் சத்தம் நிஜமாகவே அந்த இடத்தில் இருக்கிறது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைக் கையில் எடுத்து மெதுவாக நகர்த்தினேன். தரைப் பக்கம் கொண்டுபோனால் குறைந்தது. சுவர்ப் பக்கம் கொண்டுபோனால் கூடியது. நாற்காலி மேல் ஏறி வெண்டிலேட்டருக்கு நேராகப் பிடித்தேன். காதுக்குள் பாம்பு புகுந்த மாதிரி இருந்தது. குழாய்த் தண்ணீர் என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும். குக்கர் என்றால் விட்டு விட்டு வரும். இது ஒரே சீராக, மூச்சே வாங்காமல் வந்துகொண்டிருந்தது.

டேப்பின் ஒரு முனையைப் பிரித்தேன். அந்த நெடி என் முகத்தில் அடித்தது. கேஸ்.

பிரித்த டேப்பை அப்படியே அமுக்கி ஒட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினேன். கையிலிருந்த மைக்கைச் சுவரோர ஸ்டாண்டிலேயே சொருகினேன். "ஏனுங்க, அந்தப் புள்ள ஊட்ல கேஸு லீக்காவுதுங்க" என்று சொன்னது என் குரல் மாதிரியே இல்லை.

மூன்று பேரும் வெளியே ஓடினோம். அவள் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வெளிச்சம் வராமல் தூங்குவதற்காக ஜன்னலை எப்போதும் இறுகச் சாத்தித் திரை போட்டிருப்பாள். என் கணவர் போன வேகத்தில் காலிங் பெல்லுக்குக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பளாரென்று தட்டிவிட்டேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரை அடித்தது அன்று ஒருநாள்தான். அந்த பெல் உள்ளே அடுப்படிக்குப் பக்கத்தில்தான் அடிக்கும். அதில் ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

கதவைக் கையால் தட்டினோம். தட்டினோம் என்ன, நான் கத்தக் கத்த இடித்தோம். பதில் இல்லை. கேஸ் ஏறி மயங்கிக் கிடக்கிறாளோ?

"கரண்டு கட் பண்ணிரலாம்" என்று என் கணவர் மீட்டர் பலகைக்கு ஓடினார். அவள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. வெளியே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் உள்ளே அவள் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் ஆபத்தில்லை. எது யாருடைய மீட்டர் என்று ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவர் தடவிக்கொண்டிருந்தார். தபலா அண்ணன் இன்னும் கதவை இடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரே ஒரு வழி இருந்தது. நான் திரும்ப எங்கள் வீட்டுக்குள் ஓடி ஹெட்போனை மாட்டினேன். ஏழாவது சேனலைத் தவிர மற்றதை எல்லாம் அடைத்தேன். சத்தத்தைக் கூட்டுகிற கெயின் திருகை முழுக்கத் திருப்பினேன்.

உஸ்ஸென்ற அந்தச் சத்தம். அதற்குப் பின்னால், தூரத்தில் கதவு இடிபடும் சத்தம். அப்புறம் ஒரு கட்டில் கிறீச்சிட்டது.

உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. ஒரே நொடிதான். ஏனென்றால் அவள் வாசலுக்குப் போகவில்லை. செருப்புச் சத்தம் என்னை நோக்கி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், என் காதுக்குள்ளேயே வந்து நின்ற மாதிரி அவள் முணுமுணுத்தது கேட்டது.

"வந்துட்டாங்க சண்டைக்கு. தூங்குனாலும் உடமாட்டாங்க."

பிறகு, "அய்யோ, பாலு!"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சித்த நேரம் என்று கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். கண் அசந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. துணியால் துடைக்கும் சத்தம் கேட்டது. ஏன் இன்னும் இவளுக்கு நெடி தெரியவில்லை என்று நான் தவித்தேன். இப்போதுதான் அடுப்பு அணைந்தது என்று நினைத்து அடுத்து அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் நாற்காலியை நோக்கித் திரும்பினேன்.

டக்.

அந்த ஒரு டக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பற்றவில்லை. அந்தப் பழைய லைட்டர் முதல் தடவையில் என்றைக்குப் பிடித்திருக்கிறது?

எப்படி நாற்காலி மேல் ஏறினேன் என்று தெரியாது. தெர்மாகோலைக் குத்திக் கிழித்து அந்த ஓட்டையில் வாயை வைத்து அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "கண்ணு! லைட்டர அமுக்காத! கேஸு! கேஸு லீக்காவுது! கீழ போடாத, கையிலயே வெச்சுட்டு வெளிய ஓடியா கண்ணு!"

அந்தப் பக்கம் அசைவே இல்லை. எனக்குக் கேட்டதெல்லாம் அந்த உஸ் மட்டும்தான். "சாமி சத்தியமா சண்டைக்கு வரலீங்க கண்ணு, வெளிய வந்துரு" என்று அழுதுவிட்டேன். கிறிஸ்தவச்சி நான், வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

செருப்புச் சத்தம். இந்தத் தடவை விலகிப் போனது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான் வெளியே ஓடி வந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் லைட்டர். அதைப் பிடித்திருந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். மீட்டர் பலகையில் சரியான ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்த என் கணவர், ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். போகவேண்டாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன், கேட்கவில்லை. அவர் உள்ளே போய் அடுப்பையும் சிலிண்டரையும் மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்பதே சந்தேகம்தான். தபலா அண்ணன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓடி யாரும் அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் அடங்கின பிறகு அவள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள்.

"எனக்கு வாசமே தெரியாதுங்க்கா" என்றாள். "அந்தக் கொரோனா வந்துட்டுப் போனதுலயிருந்து மூக்கு செத்துப்போச்சுங்க. மல்லிப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். மில்லு சத்தத்துல காதும் மந்தமுங்க."

"கதவ அந்த இடி இடிச்சமே கண்ணு, ஏன் தொறக்கல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க கொரலு கேட்டுச்சுங்க்கா, என்ன சொல்றீங்கன்னு வெளங்கலீங்க. சண்டைக்குத்தான் வந்திருக்கறீங்கன்னு நெனச்சுபோட்டேன். உங்க மொகத்துல முழிக்கறதுக்குப் பதிலா ஒரு டீ வெச்சுக் குடிக்கலாம்னு உள்ள போயிட்டேனுங்க."

காலி டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

லைட்டரை அமுக்கியும் கேஸ் ஏன் பற்றவில்லை என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கேஸ் கனமானது, தரையோடு கிடந்திருக்கும் என்றார் ஒருவர். லைட்டர் பழசு என்றார் இன்னொருவர். கர்த்தர்தான் காப்பாற்றினார் என்பது என் கணவரின் முடிவு. நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனாலும் ராத்திரியில் சில நேரம் அந்த டக் காதில் விழுந்து திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். பக்கத்தில் அவர் தூங்குகிறாரா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பேன்.

அந்த வருடம் பாட்டை முடிக்கவில்லை. அடுத்த வருடம்தான் முடித்தோம், அவள் வேலைக்குப் போகிற ராத்திரி நேரமாகப் பார்த்து. இப்போது நாங்கள் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். அவள் அக்கா அக்கா என்று போனில் கூப்பிடுகிறாள். எங்களால்தான் உயிர் பிழைத்தாள் என்று எல்லோரிடமும் சொல்கிறாளாம். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு நடுக்கம் வரும். அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அந்த அடுப்பு முன்னால் நிறுத்தியது நாங்கள் கதவை இடித்த இடிதான். இடித்தது நான் என்று தெரிந்ததால்தான் அவள் திறக்கவில்லை. வேறு யார் குரல் கேட்டிருந்தாலும் நேராக வந்து கதவைத் திறந்திருப்பாள்.

புது வீட்டிலும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு உரசல் வராமல் இல்லை, என் வாயும் இன்னும் குறையவில்லை. ஆனால் எவ்வளவு சண்டை போட்டாலும், மறுநாள் காலையில் நானே போய் முதலில் பேசிவிடுகிறேன். என் குரலைக் கேட்டால் கதவைத் திறக்காத ஒரு வீடு பக்கத்தில் இருக்கிறது என்றால், எனக்குப் பயமாக இருக்கிறது.